பள்ளி பூட்டிக் கிடந்த 20 மாதம்: பிள்ளைகளை எப்படி விட்டுவிடாமல் பிடித்திருந்தோம்

தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "மழைக்காக ஒரு வாரம் பள்ளி மூடினாலே சில பிள்ளைகள் திரும்பி வர ஒரு மாதம் ஆகிறது. கொரோனா காலத்தில் உங்களைப் போன்ற சின்னப் பள்ளிகள் பிள்ளைகளையும் பெற்றோரையும் எப்படித் தொடர்பில் வைத்திருந்தன? மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும்?"

நான் குமுளிக்கும் வண்டிப்பெரியாறுக்கும் இடைப்பட்ட எஸ்டேட் பகுதியில் ஒரு தமிழ் வழி எல்.பி. பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கேரளத்தில் எல்.பி. என்றால் 1 முதல் 4 வரை. கொரோனா வந்தபோது எங்களிடம் 58 பிள்ளைகள், என்னையும் சேர்த்து 4 டீச்சர்கள், ஒரு சமையல் அக்கா. பெற்றோரில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டம், மீதிப் பேர் ஏலத்தோட்டம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் பீர்மேடு பக்கம் சில தேயிலைத் தோட்டங்கள் மூடியபோது ஜீப் ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய குடும்பங்கள் அதிகம். பேசுவது தமிழ். அரசாங்கக் காகிதம் வருவது மலையாளத்தில். இந்தச் சூழலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நாங்கள் செய்ததில் எது உங்களுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேரளத்தில் 2020 மார்ச் 10 அன்று அறிவிப்பு வந்தது. மறுநாளிலிருந்து பள்ளி இல்லை, 7-ஆம் வகுப்பு வரை ஆண்டுத் தேர்வும் இல்லை. மார்ச் 31 வரைதான் என்றார்கள். தேர்வு இல்லை என்றதும் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நானும் "சரி, மூணு வாரம்தானே" என்று அலமாரியைப் பூட்டினேன். அதன் பிறகு சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. தமிழ்நாட்டில் உங்களுக்கும் 1 முதல் 8 வரை அதே நாள்தான். 2020 மார்ச்சில் மூன்றாம் வகுப்பிலிருந்து பையை எடுத்துக்கொண்டு போன பிள்ளைகள் நான்காம் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராமல் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தபோது இரண்டாம் வகுப்பு.

முதல் மூன்று மாதத்துக்கும் மேல் நாங்கள் தப்பாகத்தான் செய்தோம். உங்களுக்கு உபயோகமானது அதுதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாரையும் போல ஒரு வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பித்தோம். 58 பிள்ளைகளில் 31 நம்பர் அதில் சேர்ந்தது. தினமும் ஒரு கதை, ஒரு ஒர்க் ஷீட், கை கழுவும் வீடியோ என்று போட்டோம். நீல டிக் விழும். நாலைந்து அம்மாக்கள் கைகூப்பும் படம் போடுவார்கள். பள்ளி நடக்கிறது என்று மனசு சமாதானம் ஆகிவிட்டது. ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்வி டி.வி.யான விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. முதல் வாரத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் சொன்ன பூனைக் கதை கேரளா முழுக்கப் பரவியது. எங்கள் பிள்ளைகளும் டி.வி. முன்னால் உட்கார்ந்து அந்த டீச்சரின் கையசைவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் மலையாளத்தில் பாதிதான் பிடிபட்டது. தமிழ் வழிப் பாடங்கள் தனியாகத் தயாராகி யூடியூபில் வந்தன. அதைப் பார்க்க நல்ல போன் வேண்டும், நெட் வேண்டும், ரேஞ்சு வேண்டும். (நாங்கள் ரேஞ்சு என்போம், கம்பத்துப் பக்கம் டவர் என்பீர்கள்.)

மதிய உணவுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு அரிசியும் பலசரக்கும் கிட்டாகப் பள்ளி வழியே கொடுத்தார்கள். முதல் தடவை கொடுத்த அன்று ஒரு அம்மா வரிசையில் கடைசியாக நின்றார். கையெழுத்துப் போடச் சொல்லி நோட்டை நீட்டினால், போடாமல் தன் பையனின் பெயர் இருக்கும் வரியில் விரலை வைத்துக்கொண்டே நின்றார். "என்னம்மா?" என்றேன். "பேரு இருக்கா டீச்சர்? வெட்டிட்டீங்களோன்னு நெனச்சேன். டி.வி. ரிப்பேரு, எங்கிட்ட பட்டன் போனு. அவன் எதுவும் படிக்கல. படிக்காத பிள்ளைய பள்ளிக்கூடத்துல வச்சிருக்க மாட்டாங்கன்னு லயத்துல சொன்னாங்க" என்றார். (லயம் என்பது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.)

மூன்று மாதமாக அந்தப் பையனோடு எங்களில் ஒருவர்கூடப் பேசியிருக்கவில்லை. பள்ளியிலிருந்து அவன் வீடு நடந்தால் 20 நிமிடம். குரூப்பில் இல்லாத 27 பிள்ளைகளைப் பற்றி அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசியபோது, 11 பேரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று தெரிந்தது. இங்கே இருக்கிறார்களா, ஊருக்குப் போய்விட்டார்களா என்பதுகூடத் தெரியவில்லை. சமையல் அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொன்னார். 11 பேரில் 8 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு ஒரு நீள நோட்டு வாங்கினோம், 200 பக்கம். அதற்கப்புறம் எங்கள் பள்ளி அந்த நோட்டில்தான் நடந்தது.

ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். மேலே பெயர், வகுப்பு, வீட்டில் கூப்பிடும் பெயர். அடுத்து, போன் யாருடையது என்பது. இது ரொம்ப முக்கியம். அப்பாவின் போன் என்றால் அது காலை ஆறரைக்கு அவரோடு ஜீப்பில் ஏறிப் போய்விடும். அந்த நம்பருக்குப் பகல் பதினொரு மணிக்கு வகுப்பு அனுப்பி என்ன பிரயோஜனம்? ஆகவே 'போன் வீட்டுக்கு வரும் நேரம்' என்று ஒரு கட்டம். அடுத்து 'ரேஞ்சு கிடைக்கும் இடம்'. ஒரு வீட்டுக்கு மாட்டுக்கொட்டகை, இன்னொரு வீட்டுக்குக் கோயில் படி, மூன்றாவது வீட்டுக்குக் கொழுந்து நிறுக்கும் ஷெட். அடுத்து, அந்த வீட்டு போன் எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு அக்கம்பக்கத்து ஆள். கடைசியில் தேதிகள்: பிள்ளையோடு நேராகப் பேசிய தேதி மட்டும். "நல்லா இருக்கான் டீச்சர், விளையாடிட்டிருக்கான்" என்று அம்மா சொன்னது கணக்கில் சேராது. பிள்ளையின் குரலைக் கேட்டிருக்க வேண்டும்.

ஏழு நாள் தேதி விழாவிட்டால் சிவப்பு மையில் வட்டம். வட்டம் விழுந்த வீட்டுக்கு யாராவது நடந்து போக வேண்டும். நாங்களே போக வேண்டும் என்று இல்லை. ஆஷா ஒர்க்கர் (ஊர் சுகாதாரப் பணியாளர்), அங்கன்வாடி டீச்சர், வார்டு மெம்பர், பால் எடுக்கும் ஆள், யார் அந்தப் பக்கம் போனாலும் சரி. "டீச்சர் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் போதும். எஸ்டேட்டில் எந்த வீட்டுக்கும் ஏதோ ஒரு வழியில் ஒரு ஆள் போய்க்கொண்டுதான் இருப்பார். ரேஷனுக்கு வழி இருக்கிறது, பாலுக்கு வழி இருக்கிறது, ஏலத்தோட்டத்து ஜீப்புக்கு வழி இருக்கிறது. பள்ளிக்கென்று தனியாக ஒரு பாதை வெட்ட எங்களுக்கு ஆளும் இல்லை, காசும் இல்லை. இருக்கிற பாதையில் ஏறிக்கொண்டோம்.

போனில் பேசுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டியிருந்தது. "ஒர்க் ஷீட் முடிச்சியா?" என்று தொடங்கினால் பிள்ளை போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடும். முடிக்காத வீட்டின் அம்மா அடுத்த தடவை போனையே எடுக்க மாட்டார். கடன்காரரைப் பார்த்து ஒளிவது போல எங்களைப் பார்த்து ஒளிய ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே பாடம் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தோம். "இப்ப நீ எங்க நிக்கிற? உன் எதிர்ல என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்போம். முதல் வாரம் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றுதான் பதில் வந்தது. போகப் போக, "மழை வருது டீச்சர், சேட்டன் கொடை எடுத்துட்டு ஓடுறாரு, கோழி எல்லாம் அடுப்படிக்குள்ள வந்திருச்சு" என்று நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இது வெறும் அரட்டை என்று எங்களிலேயே ஒரு டீச்சருக்கு வருத்தம் இருந்தது. 2021-இல் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தார் 5 மாநிலங்களில் 16,067 பிள்ளைகளைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 2 முதல் 6 வரையுள்ள வகுப்புகளில் 92 சதவீதம் பேர் முந்தைய வருடம் கைவந்திருந்த மொழித் திறனில் குறைந்தது ஒன்றையாவது இழந்திருந்தார்கள். அவர்கள் சோதித்த திறன்களில் ஒன்று, ஒரு படத்தையோ தன் அனுபவத்தையோ வாய்விட்டுச் சொல்வது. அந்த 5 மாநிலங்களில் கேரளமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. என்றாலும் அதைப் படித்தபோது அந்த டீச்சர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம், தன் மொழியில், தன் டீச்சரிடம், தான் பார்த்ததைச் சொல்வது. எங்களால் கொடுக்க முடிந்த பாடம் அது.

கிட் கொடுக்கும் நாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 10 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு வரக் கூடாது என்ற அறிவுரை அப்போது இருந்தது. அதனால் பெற்றோர் மட்டும் வருவார்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லி வரிசையில் நிறுத்தினால் அது ரேஷன் கடை. நாங்கள் ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் என்று நேரம் கொடுத்தோம், மூன்று நாளாகப் பிரித்து. திண்ணையில் ஒரு பெஞ்சு. வந்தவரை உட்காரச் சொல்லி, முதலில் அவரைப் பற்றிக் கேட்போம். வேலை எத்தனை நாள் கிடைக்கிறது, வீட்டில் பெரியவர்களுக்கு மருந்து இருக்கிறதா என்று. அப்புறம்தான் பிள்ளை. சில அம்மாக்கள் அந்தப் பத்து நிமிடமும் அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் பள்ளிக்கூடத்து வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒவ்வொரு கிட் பையிலும் பிள்ளைக்கு ஒரு கடிதம் வைப்போம். அச்சடித்தது இல்லை, கையால் எழுதியது, பிள்ளையின் பெயர் போட்டது. நாலு வரிதான். அதில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும், வீட்டில் யாரையாவது கேட்டால்தான் பதில் தெரியும்படியான கேள்வி. "உங்க பாட்டி எந்த ஊர்ல இருந்து இந்த மலைக்கு வந்தாங்க? எப்படி வந்தாங்க?" "உங்க அம்மா ஒரு நாள்ல எத்தனை கிலோ கொழுந்து எடுப்பாங்க?" அடுத்த கிட்டுக்கு வரும்போது பெற்றோர் பதிலைக் கொண்டுவருவார்கள். எழுத முடியாத பிள்ளைகள் படம் வரைந்து அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏலச்செடியின் சரம் ஒன்றைக் காகிதத்தில் வைத்துச் சோற்றுப் பசையால் ஒட்டி, பூவுக்கு ஒன்று, பிஞ்சுக்கு ஒன்று, காய்க்கு ஒன்று என்று மூன்று அம்புக்குறி போட்டு அனுப்பியிருந்தாள். கீழே, "இத எடுத்ததுக்கு அப்பாவ சூப்பரவைசர் திட்டிட்டாரு" என்று எழுதியிருந்தது. அந்தக் காகிதத்திலிருந்த ஏல வாசனை அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் ரொம்ப நாள் வந்துகொண்டிருந்தது.

எல்லைப் பிரச்சினை எங்களுக்கே உரியது, ஆனால் உங்களுக்கும் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். மார்ச்சில் பள்ளி மூடியதும் 7 பிள்ளைகளைக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் பக்கம் பாட்டி வீட்டில் விட்டிருந்தார்கள். வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையைத் தனியாக விட முடியாதே. பிறகு ஊரடங்கு வந்தது, செக்போஸ்ட் அடைத்தார்கள், பாஸ் இல்லாமல் யாரும் வர முடியாது என்று ஆனது. அம்மா குமுளிக்கு மேலே, பிள்ளை லோயர் கேம்புக்குக் கீழே. நடுவில் ஒரு மலைப்பாதைதான், ஆனால் மாதக்கணக்கில் பார்க்க முடியவில்லை.

அந்த 7 பேருக்கும் எங்கள் பாடப்புத்தகம் எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? கம்பத்திலிருந்து குமுளிக்குக் காய்கறி கொண்டுவரும் வண்டிகளுக்கு அனுமதி இருந்தது. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியில் புத்தகக் கட்டை ஏற்றினோம். ஓட்டுநர் அண்ணன் ஒருவர் கம்பம் மார்க்கெட்டில் ஒரு கடையில் கொடுத்துவிட்டுப் போவார். பாட்டியோ தாத்தாவோ அங்கே போய் வாங்கிக்கொள்வார்கள். புத்தகத்தோடு அம்மா பேசிப் பதிவு செய்த குரலையும் பாட்டியின் பக்கத்து வீட்டு போனுக்கு அனுப்பினோம்.

பாட்டி வீட்டு டி.வி.யில் தமிழ்நாட்டுக் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பாடத்திட்டம் வேறுதான். இருந்தாலும் தமிழில் ஒரு டீச்சர் நிதானமாகப் பேசுவதைப் பிள்ளை பார்க்கட்டும் என்று நாங்களே பார்க்கச் சொன்னோம். எந்த மாநிலத்துப் பாடம் என்று ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன கவலை?

அந்த 7 பேரில் 3 பேர் திரும்பி வரவில்லை. அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். இங்கே ஒரு விஷயம் மனசைத் தொட்டுச் சொல்ல வேண்டும். சின்னப் பள்ளிக்கு எண்ணிக்கைதான் உயிர். கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் எடுக்கும் தலைக்கணக்கை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகும். ஒரு பெயரை நோட்டில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு டீச்சருக்கு அந்தப் பெயர் தெரிய வேண்டும். நாங்கள் டி.சி.யை உடனே கொடுத்தோம். கூடவே புதுப் பள்ளியின் டீச்சருக்கு போன் போட்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படும், எழுத்தில் எங்கே நிற்கிறது என்று பத்து நிமிடம் பேசினோம். அதில் ஒரு டீச்சர் இன்றும் என்னோடு தொடர்பில் இருக்கிறார்.

அறிவிப்புகள் பற்றிச் சுருக்கமாக. மேலிடத்துச் சர்க்குலர் மலையாளத்தில் வரும். அதை அப்படியே குரூப்பில் தள்ளிவிட்டால் எங்கள் பெற்றோருக்கு ஒன்றும் புரியாது. தமிழில் எழுதிப் போட்டாலும் வாசிக்கத் தெரியாதவர்கள் உண்டு. ஆகவே எல்லாமே குரல் பதிவு. ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு பதிவில் ஒரே விஷயம். கிழமையையும் இடத்தையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஒரே குரலாக இருந்தால் நல்லது, பெற்றோருக்கு நம்பிக்கை வரும். குரூப்பில் ஃபார்வேர்டு செய்திகளை முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுங்கள். அதைச் செய்யாததால் எங்கள் குரூப் சித்த மருந்தும் வதந்தியுமாக நிறைந்து, பள்ளிச் செய்தி அதில் புதைந்துபோனது. பட்டன் போன்காரர்களுக்குக் கான்பரன்ஸ் கால் போடலாம். ஒரு லயத்து அம்மாக்கள் நாலைந்து பேரை ஒன்றாக இணைத்து ராத்திரி ஏழரைக்குப் பேசுவோம். அதில் பள்ளி விஷயம் பாதி, அவர்களுக்குள் பேச்சு பாதி. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள ஆரம்பித்ததும் எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது. யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டில் டி.வி. ஓடுகிறது, யார் வீட்டில் நாலு பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (கேரளத்துப் பெண்கள் சுய உதவிக் குழு) ஏற்கெனவே நன்றாக நடந்த இடங்களில் இது இன்னும் சுலபமாக நடந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள், எல்லாம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குக் கயத்தாறு பக்கம் பூர்வீகம். மின்சாரமும் போனும் அறுந்து கிடந்ததால் வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளும் அதே மாதிரி லயத்தில், அதே மாதிரி சரிவுக்குக் கீழே, அதே மழையில் படுத்திருந்தார்கள். அந்த வாரம் போனில் எந்தப் பிள்ளையும் கோழியைப் பற்றிச் சொல்லவில்லை. "டீச்சர், எங்க மேல இருக்கிற மலை இடியுமா?" என்று கேட்டார்கள். இடியாது என்று எப்படிச் சொல்வது? "ராத்திரி சத்தம் கேட்டா யார்கூட, எந்தப் பக்கம் ஓடுவ?" என்று திருப்பிக் கேட்டோம். ஒவ்வொரு பிள்ளையிடமும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதை நோட்டில் எழுதினோம். சொல்லத் தெரியாத வீட்டுப் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினோம். பள்ளியின் சாவியை லயத்துக்கு ஓர் ஆளிடம் கொடுத்து வைத்தோம், ராத்திரியில் எப்போது வேண்டுமானாலும் வந்து திறந்துகொள்ளட்டும் என்று. அந்த மழையில் இரண்டு ராத்திரி மூன்று குடும்பங்கள் வந்து வகுப்பறையில் படுத்தார்கள். பள்ளி பூட்டிக் கிடந்த காலத்தில் அது திறந்திருந்த ராத்திரிகள் அவை.

2021 மே மாதம் இரண்டாவது அலை மோசமாக இருந்தது. லயத்தில் குழாயும் கக்கூஸும் பொது. ஒரு வீட்டில் வந்தால் தனியாக ஒதுங்க இடமே கிடையாது. எங்கள் பள்ளிக் கட்டிடத்தையே சில வாரம் கோவிட் பராமரிப்புக்கு எடுத்துக்கொண்டார்கள், கொடுத்தது சரிதான். ஆனால் அதன்பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளி என்றாலே பயம் வந்துவிட்டது. நோய் வந்த வீட்டுப் பிள்ளையைக் "கொரோனா வீடு" என்று மற்ற பிள்ளைகள் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு வீட்டில் வந்தால் அன்றைக்கே அந்தப் பிள்ளைக்கு முதல் போன் என்று வைத்துக்கொண்டோம். குணமாகி வந்ததும் கான்பரன்ஸ் காலில் மற்ற பிள்ளைகளோடு அந்தப் பிள்ளையைப் பேச வைத்தோம். கட்டிடத்தைத் திரும்பக் கொடுத்த பிறகு வெள்ளையடித்து, கழுவி, சமையல் அக்கா அடுப்பு மூட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினோம். பிள்ளைகளுக்கு அந்த அடுப்புப் புகையைப் பார்த்ததும்தான் தெம்பு வந்தது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு நாள் விதியை நாங்களே பல வாரம் கடைப்பிடிக்கவில்லை. எங்களில் ஒரு டீச்சருக்கே நோய் வந்து இரண்டு மாதம் அவர் வகுப்புப் பக்கங்களில் தேதியே விழவில்லை. நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டும் சமாளிக்க முடியவில்லை. நான்காம் வகுப்பை முடித்துப் போன 14 பிள்ளைகளைப் புதுப் பள்ளியோடு சரியாகக் கோத்துவிடாமல் விட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதில் இரண்டு பையன்கள் ஐந்தாம் வகுப்புக்குப் போகவே இல்லை, கடையில் வேலைக்கு நின்றுவிட்டார்கள். நோட்டில் அவர்கள் பக்கத்தை 2021 மார்ச்சோடு முடித்துவிட்டோம். இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருக்க வேண்டும். நீங்கள் செய்வதாக இருந்தால், கடைசி வகுப்புப் பிள்ளைகளின் பக்கத்தை அடுத்த பள்ளியில் கால் ஊன்றும் வரை மூடாதீர்கள்.

நவம்பர் 1 அன்று பாதிப் பாதியாகத்தான் வரச் சொன்னோம். இரண்டாம் வகுப்புக்கு வந்த ஒரு குட்டிப் பெண், பள்ளியையே அதற்கு முன் பார்த்திராதவள், கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்று நின்றாள். அம்மா வேலைக்கு நேரமாகிறது என்று இழுத்தார். முகக்கவசத்தோடு நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருந்திருப்போம். நான் கிட்டே போய்க் குனிந்து, "இப்ப உன் எதிர்ல என்ன தெரியுது, சொல்லு" என்றேன். ஒரு நிமிடம் என் கண்ணையே பார்த்தாள். அப்புறம் "போன் டீச்சரா?" என்றாள். கேட்டை விட்டுவிட்டாள்.

நீங்கள் இப்போது என்ன செய்யலாம் என்றுதானே கேட்டீர்கள். பள்ளி ஒழுங்காக நடக்கும்போதே நோட்டை எழுதிவிடுங்கள். 2023 செப்டம்பரில் நிப்பா வைரஸ் வந்தபோது கோழிக்கோட்டில் இரண்டே நாளில் பள்ளிகளை மூடினார்கள், அப்போது உட்கார்ந்து நம்பர் தேட நேரம் இருக்காது. ஜூன் மாதத்தில் பெற்றோர் பள்ளிக்கு வரும்போதே ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதலாம். சமையல் செய்பவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கோடு போடும்போது போன் நம்பருக்கு மட்டும் அகலமாகக் கட்டம் விடுங்கள். ரீசார்ஜ் செய்ய முடியாமல் சிம் செத்துப்போகும், புது நம்பர் வரும். எங்கள் நோட்டில் ஒரே பிள்ளைக்கு நாலு நம்பர் அடித்து அடித்து எழுதி, ஐந்தாவதை ஓரத்தில் செங்குத்தாக எழுத வேண்டியதாகிவிட்டது.